ஏகநாதன் உடம்பில் ஓடிய குப்புராஜ்

"சனிக்கெழமையில மீன் கொழம்பா? என் ரத்தம் ஒத்துக்காது!" என்று சொல்லி டிபன் கேரியரை மூடினார் குப்புராஜ்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருந்த ஏகநாதனுக்கு அழுகையே வந்துவிட்டது. வயிற்றுப் புண் வெடித்து, ரத்த வாந்தி எடுத்து, பிழைப்பாரா மாட்டாரா என்றிருந்து, ஆபரேஷன் முடிந்து, பதினெட்டு நாள் கஞ்சி குடித்த மனுஷன். காரமில்லாமல் மீன் சாப்பிடலாம் என்று டாக்டர் தேவானந்தம் அன்றைக்குத்தான் வாயைத் திறந்திருந்தார். கோவளத்து வஞ்சிரம் வேறு.

"என் வாய்க்கு நீ இன்னாய்யா காவல்?"

"வாய் உன்துதான். உள்ள ஓட்றது யார்துன்னு மறந்துடாத. சனிக்கெழமைல நான் கவுச்சி தொட்றதில்ல."

சேலையூரில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து வீடு. நடுவில் நாலடிச் சந்து. அது யாருக்குச் சொந்தம் என்று ஒன்பது வருஷமாகக் கேஸ். கேஸ் முடியும்வரை யாரும் நுழையக்கூடாதென்று தடை உத்தரவு வாங்கி, முள்வேலி போட்டு வைத்திருந்தார்கள். சந்தை விட்டுக்கொடுத்துவிட்டால் அப்புறம் தனக்கு மீசை எதற்கு என்பது ஏகநாதனின் கட்சி.

அவரைத் தாம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, அடுத்த வாய்தாவுக்கு எதிராளி இருப்பானா என்று பார்த்துப் போகத்தான் குப்புராஜ் வந்தார். "உடனே ரத்தம் வேணும், யார் கொடுக்கிறீங்க?" என்று நர்ஸ் ஹில்டா வராண்டாவில் கேட்டாள். ஊரே அவரைப் பார்த்தது. மானத்துக்குப் பயந்து உள்ளே போனவர், அரைமணி நேரம் கழித்துக் கையில் பஞ்சும் பிளாஸ்திரியுமாக வெளியே வந்தார். அன்றிலிருந்து பார்வையாளர் நேரம் முழுக்க ஏகநாதன் கட்டிலருகே ஸ்டூல் போட்டு, தன் ரத்தத்தை மேற்பார்வை பார்த்துவருகிறார்.

மாலையில் ரவுண்ட்ஸ் வந்த டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார் ஏகநாதன்.

"டாக்டர், எனக்குத்தான் தேறிடுச்சே. ஒரு பாட்டில் எடுத்து அவனுக்கே திருப்பி ஏத்திடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

டாக்டர் கேஸ் ஷீட்டில் எதையோ எழுதினார். சிறிது நேரத்தில் மனநல டாக்டர் வந்து, "இன்னைக்கு என்ன கிழமை, சொல்லுங்க?" என்று கேட்டார்.

"சனிக்கெழமை. மீன் துன்னக் கூடாது," என்றார் ஏகநாதன்.

வீட்டுக்கு அனுப்புவது ஒரு வாரம் தள்ளிப்போனது. ரத்தம் மூளைக்குச் சரியாக ஏறவில்லை போலிருக்கிறது என்று குப்புராஜ் தினம் வல்லாரைத் துவையல் கொண்டுவர ஆரம்பித்தார்.

சரி, மரியாதையாக நன்றி சொல்லிக் கழற்றிவிடலாம் என்று ஏகநாதன் ஒரு கூடை ஆப்பிளை வாங்கிவரச் சொல்லி அவரிடம் நீட்டினார்.

"குப்புராஜு, நீ செஞ்சது பெரிய உபகாரம். இதோட போதும்."

குப்புராஜின் கண் கலங்கிவிட்டது. "அண்ணே!" என்றார். ஒன்பது வருஷம் 'யோவ்' என்று கூப்பிட்ட வாய். மறுநாளிலிருந்து அண்ணனைப் பார்க்கக் காலையிலும் வந்தார்.

ஏகநாதன் மனைவி கிளியம்மாளிடம் கெஞ்சினார். "நீயாவது சொல்லேன், வராதேன்னு."

"நல்லா கீதே! ஒடம்புல அவுரு ரத்தத்த வெச்சிக்கினு அவுரையே வராதன்றதா? நாக்கு அழுவிடும்," என்றாள் கிளியம்மாள். "இன்னா இருந்தாலும் உசுர் குடுத்தவரு. பேசாம கேசை வாபஸ் வாங்கிடுங்க. சந்தை அடைச்ச நாளா அந்தாண்ட தெரு பம்புலேர்ந்து ஊரைச் சுத்தித் தண்ணி தூக்கியாந்து எனக்கும் இடுப்பு வுட்டுப்போச்சி."

"சந்தை வுட்றதா? நானா?"

"சந்து பெருசா, உசுரு பெருசா?"

இரண்டு நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார் ஏகநாதன். மூன்றாம் நாள் வக்கீல் ஏசுதாசனை வரவழைத்து, கேஸ் வாபஸ் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பேப்பரைப் பார்த்த குப்புராஜ், வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி விசும்பி அழுதார். "எனக்கும் வாணாம்ணே. ரெண்டு வூட்டுக்கும் பொதுவா இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் போய், அன்று சாயங்காலமே வேலியைப் பிடுங்கிப் போட்டார்.

அதைக் கேட்டு ஏகநாதனுக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. அப்பா செத்ததற்கே அழாதவர். எல்லாம் குப்புராஜ் ரத்தம் செய்கிற வேலை என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்குக் கிளம்பும் நாள். கிளியம்மாள் பாத்திர மூட்டையோடு முன்னாலேயே போய் ஆட்டோவில் உட்கார்ந்துவிட்டாள். நர்ஸ் ஹில்டா ஒரு டப்பா சிவப்பு மாத்திரையை ஏகநாதனிடம் கொடுத்தாள்.

"தினம் காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

"எனக்குத்தான் எல்லா மாத்திரையும் நிறுத்தியாச்சே, சிஸ்டர்?"

"உங்களுக்கில்ல சார், உங்க மிஸஸுக்கு. ரத்தம் கொடுத்ததிலேர்ந்து தலை சுத்துதுன்னாங்க."

"அவ எங்கம்மா குடுத்தா? குடுத்தது குப்புராஜு!"

ஹில்டா வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவர் ஊசியைப் பார்த்ததுமே மயங்கி விழுந்துட்டார் சார். கண்ணு முழிக்கிறதுக்குள்ள அவர் கையில பஞ்சை ஒட்டி, 'ஒரு பாட்டில் எடுத்தாச்சு'ன்னு அவர்கிட்ட சொல்லச் சொன்னதே உங்க மிஸஸ்தான்."