நாற்காலி நிக்குது!

"நாம் ஒரே குடும்பம்" என்று மேலிடத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. அவ்வளவுதான், ஆறு மாடிக் கட்டடம் முழுக்க வதந்தி பற்றிக்கொண்டது. குடும்பம் என்று கம்பெனி சொன்னால், யாரையோ வீட்டை விட்டுத் துரத்தப் போகிறது என்று அர்த்தம். இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

நூறு பேர் என்றது முதல் மாடி. காபி மெஷினை எட்டுவதற்குள் அது நானூறானது. கழிப்பறையில் கை துடைக்கும் காகிதம் மெலிந்துவிட்டது, ஆகவே வரும் வாரம் உறுதி என்றார் ஒருவர். மேனேஜர் மேஜையில் இருந்த குடும்பப் படத்தைக் காணோம், ஆகவே அவரே போகிறார் என்றார் இன்னொருவர். பாவம், அவர் அதைக் கண்ணாடி மாற்றக் கொடுத்திருந்தார். இத்தனையும் பேசியவர்கள் பொறியியல் படித்தவர்கள். புள்ளியியலில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள்.

அப்படிப்பட்ட மேதைகளைக் கரையேற்ற அவதரித்தவர்தான் அட்டை ஐயா. தெருவுக்கு எதிர்ப்புறம், ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை. கடைக்குள் நுழைந்துதான் மாடிப்படி ஏற வேண்டும். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்தால், ஐயா அதை நெற்றியில் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். உங்கள் படிப்பு, பழைய வேலை, இங்கே சேர்ந்து எத்தனை வருஷம், எல்லாவற்றையும் புட்டுப்புட்டு வைப்பார். கடைசியில் தீர்ப்பு: "நாற்காலி நிக்குது." அதாவது, வேலை போகாது. போன ஆள்குறைப்பில் அவர் வாக்கு ஒன்றுகூடப் பொய்க்கவில்லையாம். அலுவலகத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்!

மதிய இடைவேளையில் சாப்பாட்டை மறந்து வரிசை கட்டினார்கள். அந்த வரிசையில் நம் டெஸ்டரக்காவும் நின்றாள் என்பதுதான் வெட்கக்கேடு. அவள் வேலை என்ன? மற்றவர்கள் எழுதும் மென்பொருளுக்குள் வேண்டுமென்றே தப்பானதைத் திணித்து, அது முழிக்கிறதா, அப்படியே விழுங்குகிறதா என்று பார்ப்பது. வயது கேட்டால் மைனஸ் நாற்பது என்று அடிப்பாள். ஒன்பது வருஷமாக இதே பிழைப்பு. அப்பேர்ப்பட்டவள் ஐயா முன்னால் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். "நாற்காலி நிக்குது. வெளிய கால் வெச்சிடாத" என்று அவர் சொன்னதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கலங்காமல் என்ன செய்யும்? வேறொரு கம்பெனி அவளுக்கு வேலை தருவதாகக் கடிதம் அனுப்பியிருந்தது. சம்பளம் சற்றுக் குறைவு. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். வேண்டாமென்று சொல்லிவிட்டு இங்கேயும் வேலை போனால் நடுத்தெருதான். ஆனால் ஐயாவே சொல்லிவிட்டாரே! வேண்டாமென்று எழுதிவிடத் தீர்மானித்தாள்.

வியாழக்கிழமை காலை, பள்ளி வேன் ஓட்டும் அவள் கணவன் மேஜையில் கிடந்த பயோடேட்டாவைப் புரட்டினான்.

"ஏம்மா, இந்தக் கம்பெனியில சேந்து ஒம்பது வருஷம்தானே? பதினொண்ணுன்னு அடிச்சிருக்க?"

"ஐயையோ, தப்பா அடிச்சிட்டேனா?" என்றவள் அப்படியே நின்றுவிட்டாள். "ஏங்க, அவரும் பதினொண்ணுன்னுதாங்க சொன்னாரு."

"யாரு?"

"அட்டை ஐயா. அருள்வாக்குன்னா ரெண்டு வருஷம் முன்னப் பின்னத்தான் இருக்கும்னு நானே சமாதானம் பண்ணிக்கிட்டேன்."

"சரி, இதை எங்க பிரிண்ட் எடுத்த?"

"ஐயா ரூமுக்குக் கீழ இருக்கிற ஜெராக்ஸ் கடையிலதான்..." என்றவளுக்குப் பொறி தட்டியது. தட்டச்சுப் பிழையையும் சேர்த்துப் பார்க்கும் ஞானதிருஷ்டியை அவள் இப்போதுதான் கேள்விப்படுகிறாள். ஊரார் மென்பொருளையெல்லாம் சோதித்தவள், தன் பிழைப்பையே ஒப்படைத்த ஆளைச் சோதிக்காமல் விட்டோமே என்று அவமானம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் மதியம் பக்கத்து இருக்கை நெட்டையைப் பிடித்தாள். அவன் அன்றுதான் முதல் தடவையாக ஐயாவைப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"இந்த பென்டிரைவ்ல உன் பேர்ல ஒரு பயோடேட்டா இருக்கு. மேல போறதுக்கு முன்னாடி கடையில பிரிண்ட் எடுத்துக்கோ."

"ஐயாவையே சோதிக்கிறதா? பாவம்க்கா!"

"நீ எழுதுற புரோகிராமைத் தினமும் சோதிக்கிறேன். அப்ப வராத பாவமா?"

அறையில் முப்பது பேர் இருந்தார்கள். நெட்டையின் அட்டை ஐயாவின் நெற்றியில் ஏறியது.

"அலை தெரியுது... கப்பல் ஒண்ணு தெரியுது. அதுல ஏழு வருஷம் சமையல் பண்ணியிருக்க."

நெட்டைக்குப் பஸ்ஸில் ஏறினாலே குமட்டும். வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. ஆனாலும் கூட்டம் "ஆகா" என்றது.

"கையில பாம்பு நெளியுது. பாம்பு பிடிக்கிறதுன்னா உனக்கு அலாதி இஷ்டம்."

"அதெல்லாம் நேத்து நான் உக்காந்து அடிச்சது!" என்று எழுந்தாள் டெஸ்டரக்கா.

ஐயா ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "அது அவனோட போன பிறவி."

"போன பிறவியில அவனுக்குப் பயோடேட்டா அடிச்சுக் கொடுத்ததும் நான்தானா?"

ஐயாவின் மேஜை விரிப்பைச் சரக்கென்று இழுத்தாள். அடியில் பயோடேட்டாக்கள் அடுக்கடுக்காக இருந்தன. வேலை போகும் பயத்தில் பயோடேட்டா எடுக்க வருகிறவர்கள் ஒன்று கேட்டால் இரண்டு அடித்து, ஒன்றைப் பின்படி வழியாக மேலே அனுப்பிவிடும் பக்தி மிகுந்த ஜெராக்ஸ் கடை அது. கப்பல் சமையல்காரனின் தாளில் இன்னும் சூடு ஆறவில்லை.

"பித்தலாட்டமாவே இருக்கட்டும்," என்றது ஒரு குரல். "போன தடவை அவர் சொன்னது பலிச்சுதே!"

"யாருக்காவது நாற்காலி போயிடும்னு சொல்லியிருக்காரா? கை தூக்குங்க." ஒரு கையும் எழவில்லை. "எல்லாருக்கும் நிக்குதுதான். வேலை போனவங்க அட்டையை வாசல்லயே பிடுங்கிட்டாங்க. அவங்க எப்படி ஆபீசுக்குள்ள வந்து பலிக்கலைன்னு சொல்றது? மிச்சம் இருக்கிறவங்கதானே சாட்சி!"

ஐயா அதற்குள் பின்படியில் பாதி இறங்கியிருந்தார். தம் நாற்காலி நிற்காது என்பதை மட்டும் சரியாகக் கணித்துவிட்டார், மகான்.

டெஸ்டரக்கா அங்கேயே செல்லை எடுத்து, புது வேலைக்குச் சம்மதம் என்று அனுப்பினாள். அங்கே எப்படி இருக்குமோ, பயம்தான். ஆனால் அங்கே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இங்கே யாரும் வாயே திறக்கவில்லை.

"அதெல்லாம் சரிக்கா," என்றான் நெட்டை. "என் நாற்காலி நிக்குமா, நிக்காதா? அவர் சொல்றதுக்குள்ள கெடுத்துட்டீங்களே."

"அது ஆறாவது மாடியில இருக்கிற மேலிடத்துக்குத்தான் தெரியும். முப்பது பேரும் சேந்து ஏறிப் போய், எத்தனை பேரு, யாரு, எப்பன்னு நேரா கேளுங்க. நானும் வரேன்."

முப்பது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யோசனை என்ற வஸ்து முதன்முறையாக அந்த அறையில் தலை காட்டியது. "கேக்கலாமே" என்றார் ஒருவர். "கேட்டுத்தான் பாப்போமே" என்றார் இன்னொருவர். நெட்டை நெஞ்சை நிமிர்த்தினான்.

"போலாம்க்கா. எத்தனை மணிக்குப் போனா நல்ல நேரம்?"

நல்ல நேரமாம்! யோசிக்கிறவனுக்கு எல்லா நேரமும் நல்ல நேரம்தான், மகாஜனங்களே. யோசிக்க மாட்டேன் என்பவனுக்குக் கடிகாரம் என்ன செய்யும்?