நாலு டிஸ்க்கும் றவூபின் கடனும்

றவூப் கொம்பனிக்குக் கொடுக்க இருந்தது பதினெட்டாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய். மகளின் கலியாணத்துக்கு வாங்கிய முற்பணம். சனிக்கிழமைச் சம்பளத்தில் பாதியை அது தின்றுவிடும். மிச்சத்தில்தான் வீட்டில் அடுப்பு எரியவேண்டும். கல்பிட்டி இறால் கொம்பனியில் ஐஸ் பெட்டி தூக்குகிறவனுக்கு வேறு எந்த வழியில் காசு வரும்?

அந்தக் கடன் குடியிருந்தது கணக்கெழுதும் கந்தோர் மூலையில் உறுமிக்கொண்டு நின்ற கம்பியூட்டர் சர்வருக்குள். அதில் நாலு டிஸ்க். நாலும் நிரம்பிவிட்டன, இனி ஒரு நண்டுக் கணக்குக்கூட ஏறாது என்று கிளாக் உம்மு குல்சூம் கையை விரித்துவிட்டாள். பெரிய டிஸ்க் நாலு கொழும்பிலிருந்து லொறியில் வந்து இறங்கின. எஞ்சினியர் வரவில்லை. வழி நெடுக செக்பொயின்ட், அந்தாள் வரமாட்டானாம் என்றார் முதலாளி சாள்ஸ்.

உப்புக் காற்றில் பழைய டிஸ்க்குகளைத் தாங்கிய தட்டுகள் துருவேறி இறுகிக் கிடந்தன. “பெலமான கை வேணும். நீயே இழு, றவூப்,” என்றார்.

ஒன்றைக் கழற்றிப் புதியதைப் போடவேண்டும். மற்ற மூன்றும் சேர்ந்து தங்களிடம் உள்ளதைப் புதியதுக்குச் சொல்லிக் கொடுக்கும். மஞ்சள் லைட் பச்சையாகும்வரை அடுத்ததைத் தொடக்கூடாது. தொட்டால் உள்ளே உள்ளது எல்லாம் போய்விடும். முதலாளி இந்த ‘எல்லாம்’ என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.

றவூபின் நெஞ்சு குளிர்ந்தது. எல்லாம் என்றால் கடனும்தானே?

முதல் டிஸ்க் கொதித்துக்கொண்டு வந்தது. சூடான எதையும் ஐஸில் போட்டுப் பழகிய கை, அதையும் தான் தூக்கிவந்திருந்த ஐஸ் பெட்டிக்குள் புதைத்தது. புதியது உள்ளே போனதும் மஞ்சள் லைட் எரிந்தது. றவூப் பிஸ்மி சொல்லி, அடுத்ததையும் பிடித்து இழுத்தான்.

சர்வர் வீறிட்டது. கடன் ஓசையில்லாமல் போகும் என்றுதான் அவன் நினைத்திருந்தான். பதறி, உருவியதைத் திரும்பச் செருகினான், தலைகீழாகப் போயிற்று. முழங்காலால் தள்ளினான், தட்டு முறிந்தது. சத்தம் கூடியது.

“நானா, என்ன செய்றீங்க?” உம்மு குல்சூம் மேசையை விட்டு எழுந்து வந்தாள்.

“சத்தத்த நிப்பாட்டுறன், தங்கச்சி.”

மூன்றாவதையும் பிடுங்கினான். கை வழுக்கி அது சீமெந்துத் தரையில் விழுந்து உருண்டது. கடைசியில் வயரையே இழுத்துப் போட்டான். கந்தோர் அடங்கியது.

முதலாளி வந்து பார்த்தார். றவூப் வராத கண்ணீரைச் சால்வையால் துடைத்தான். அவர் ஏசவில்லை. கதிரையில் சாய்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார். “கணக்கெண்டு ஒண்டும் மிஞ்சல்ல. உன்ட கடனும் போயிட்டுது. அத மறந்திட்டு வீட்ட போ.”

சிரிப்பை வாய்க்குள் அடக்கிக்கொண்டு றவூப் கேற்றைத் தாண்டினான். இந்தச் சனிக்கிழமை முழுச் சம்பளம். மகள் வீட்டுக்கு ஒரு பெரிய மீன் கொண்டுபோகலாம். மருமகனும் ஆலங்குடாவில் கடலுக்குப் போகிறவன்தான், ஆனாலும் மாமன் வாங்கிக் கொடுக்கிற மீன் வேறு.

பின்னால் உம்மு குல்சூம் குடையை விரித்தபடி வந்தாள்.

“எஞ்சினியர் இண்டைக்கு வாறன் எண்டுதான் நிண்டவர், நானா, வேணாம் எண்டது முதலாளி, உங்கட மருமகனோட சேத்து ஆலங்குடா ஆக்களுக்கு இறால் வாங்கினதுக்கு அவர் குடுக்க இருந்த முப்பது லட்சமும் அதுக்குள்ளதான் கிடந்திச்சு.”