எடுக்காத லீவு அறுபத்து மூன்று நாள்

சோப்புத் தொழிற்சாலையில் பாய்லரை மூடினார்கள். கூடவே பாய்லர்காரரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். எல்லாம் முறைப்படிதான். வர வேண்டியது கடைசி மாதச் சம்பளமும், எடுக்காத அறுபத்து மூன்று நாள் லீவுக்கான பணமும். அதற்குள் வீட்டு ஓனர் மூன்று மாத வாடகையைக் கேட்டுக் கேட்டுச் சலித்து, பூட்டு வாங்கக் கடைக்குப் போய்விட்டார்.

மனுஷர் லீவு என்பதையே அறியாதவர். பெற்ற மகள் கல்யாணத்தன்றுகூடச் சாப்பிட்ட கை காயுமுன் இரண்டாம் ஷிப்டுக்கு ஓடியவர். தான் இல்லாவிட்டால் பாய்லர் ஏங்கிப்போகும் என்று எண்ணம்.

மனைவியோடு போய்ப் பணியாளர் அதிகாரி முன் நின்றார்.

"லீவு மீதி இருக்குன்னா, நீங்க கேட்டு நாங்க மறுத்திருக்கணும். மறுத்த கடிதம் எங்க?"

"நான் கேட்கவே இல்லையே சார்."

"அப்போ உங்களுக்குத் தேவைப்படல."

"இப்போ கேட்கிறாரு. மறுத்து ஒரு கடிதம் குடுத்துடுங்களேன்," என்றாள் மனைவி.

"இப்போ அவர் ஊழியர் இல்லையேம்மா."

ஆனாலும் அதிகாரி கல்நெஞ்சக்காரர் அல்லர். கருணைகூர்ந்து பாய்லர்காரரை மறுபடி வேலையில் சேர்த்து, லீவு விண்ணப்பம் எழுதவைத்தார். மறுப்பதற்குப் பேனாவைத் திறந்தவர் திகைத்தார்.

"மறுக்கணும்னா 'வேலை இருக்கு'ன்னு எழுதணும். வேலை இல்லைன்னுதானே உங்களை அனுப்பினோம்?"

ஆகவே அறுபத்து மூன்று நாள் விடுப்பு மகிழ்ச்சியுடன் அனுமதிக்கப்பட்டது. பாய்லரே இல்லாததால் விடுப்புக்குச் சம்பளம் கிடையாது. மீதி லீவு பூஜ்யம்.

"கடைசி மாதச் சம்பளமாவது..."

"லீவுல இருக்கிறவருக்குக் கடைசிச் சம்பளம் எப்படிங்க? முடிச்சிட்டு வாங்க."

மனைவி முன்னே வந்தாள். "உங்களுக்கு எத்தனை நாள் லீவு மீதி சார்?"

"நூத்திப் பன்னிரண்டு!" நெஞ்சை நிமிர்த்தினார் அதிகாரி. "ஒரு நாள்கூட எடுத்ததில்ல."

"மறுத்த கடிதமெல்லாம் பத்திரமா வெச்சிருக்கீங்கல்ல?"

அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. மேசைக்கு மேசை குமாஸ்தாக்கள் தங்கள் மீதி லீவை விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்கள்.

மறுநாள் காலை, காலில் விழுந்தாவது சம்பளத்தைக் கேட்போம் என்று பாய்லர்காரர் போனார். நாற்காலியெல்லாம் காலி. சுவரில் ஒரு தாள்: 'அனைவரும் விடுப்பில்.' பணம் கொடுக்கக் கையெழுத்துப் போட ஓர் ஆள் இல்லை.

அன்றைக்கு அந்த அலுவலகத்துக்கு நேரத்துக்கு வந்தவர் ஒரே ஒருவர்தான். முறைப்படி லீவில் இருந்தவர்.