வத்தக்குழம்பில் ஒரு 'க்'

கையில் ஸ்குரூ டிரைவர் வைத்திருக்கும் கணவனைவிட ஆபத்தானவன், கையில் பழைய ரூட்டர் வைத்திருக்கும் கணவன். இதை நான் வேறு யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை.

தில்லி மயூர் விஹாரில் எங்கள் ஃப்ளாட் ரயில் பெட்டி மாதிரி நீளமானது. பால்கனிப் பக்கம் ஹால். வைஃபை ரூட்டர் அங்கேதான். நடுவில் சமையலறை, கோடியில் ஒரு சின்ன அறை. ஹாலில் கம்பீரமாக இருக்கும் சிக்னல் சமையலறையைத் தாண்டுவதற்குள் நோஞ்சானாகிவிடும். கோடி அறையில் ஆளையே காணோம். வருஷக்கணக்கில் அது யாருக்கும் குறையாகப் படவில்லை.

என் மனைவி சுதாவுக்கு இன்டர்வியூ வந்தபோதுதான் பட்டது. மகள் நித்யா பிறந்தபோது வேலையை விட்டவள். அதற்கப்புறம் ஒரு நிறுவனம் அவளைப் பேசக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பாடப்புத்தகம் தயாரிக்கும் இடம், நேர்காணல் வீடியோவில். ஹாலில் உட்கார்ந்தால் கீழே காய்கறி வண்டிக்காரரின் 'ஆலூ லே லோ'வும் சேர்ந்து பதில் சொல்லும். ஆகவே கோடி அறை என்று முடிவானது.

"சிக்னல இழுத்துக் குடுக்க ஏதோ டப்பா விக்காங்களாமே, வாங்கிருவோமா?" என்றாள். சுதா திருநெல்வேலிக்காரி.

"எதுக்கு? பரண்ல பழைய ரூட்டர் தூங்குது. அத எழுப்பி விட்டாப் போச்சு." (தஞ்சாவூர்க்காரனுக்கு வாயில் மட்டும் கடவுள் குறை வைக்கவில்லை.)

"என்னமும் செய்ங்க. அன்னைக்கு லைன் அறுபடாம இருந்தாச் சரி" என்றாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

ஹாலிலிருந்து சுவரோரமாக நீளக் கேபிள் இழுத்துக் கோடி அறையில் வைத்த பழைய ரூட்டரில் சொருகினேன். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு வைத்துவிட்டால் லேப்டாப்பும் போனும் தானாகவே பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும் என்று படித்திருந்தேன். படித்தது சரிதான். ஒரே பாஸ்வேர்டு வைத்திருக்க வேண்டும்.

அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று எங்கள் பாஸ்வேர்டு தமிழ்ச்சொல், ஆங்கில எழுத்தில்: வத்தக்குழம்பு. புது ரூட்டர் வந்த அன்று அதை அடித்தவள் நித்யா. தில்லியில் பிறந்தவள், தமிழ் அவளுக்குக் காதோடு சரி. காதில் விழுந்தது அம்மாவின் 'வத்தக்கொளம்பு'. அதில் இசட்டுக்கு வேலையில்லை, 'கே'யும் ஒன்று போதும். நானோ பள்ளியில் தமிழில் முதல் மாணவன். 'ழ'வுக்கு இசட் ஹெச் போட்டேன். வல்லினம் மிகுமே என்று இரண்டு 'கே' போட்டேன். (முறைப்படி அது 'வற்றல் குழம்பு'. அந்த அளவுக்குப் போகாதது என் பெருந்தன்மை.) என் போனில் புதிதாக அடித்துச் சோதித்தேன்; பறந்தது. சுதாவின் லேப்டாப்பில் சோதித்துப் பார்க்கத் தோன்றவே இல்லை.

அன்று காலை கஞ்சி போட்ட புடவையில் சுதா கோடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் ஹாலில் காப்பியோடு, பாராட்டுக்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன்.

"என்னங்க, பாஸ்வேர்டு கேக்கு."

"வத்தக்குழம்பு தானே?"

"போட்டுட்டேன். தப்புங்கு."

"இசட் போட்டியா?"

"கொளம்புல ஏதுங்க இசட்டு?"

அப்புறம் சத்தமில்லை. அவள் தன் போன் டேட்டாவை லேப்டாப்புக்குக் கொடுத்து நேர்காணலில் சேர்ந்துவிட்டாள் என்பது எனக்குத் தெரியாது. எனக்கோ அப்போதுதான் ஞானம் பிறந்தது. சமையலறை வாசலில் நின்று, சுவர் அதிரக் கத்தினேன்: "சுதா, ரெண்டு கே. வத்தலுக்கும் குழம்புக்கும் நடுவுல க் வரும். வலி மிகும்."

உள்ளே, கேள்வி கேட்டுக்கொண்டிருந்த அம்மாள் நிறுத்திவிட்டு, "கர் மே கோயி பீமார் ஹை க்யா?" என்று, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா எனக் கரிசனத்தோடு விசாரித்திருக்கிறார். "நஹீ ஜி, மேரே ஹஸ்பண்ட் ஹைன்" என்று சுதா சொல்லி முடிப்பதற்குள் போன் சிக்னலும் போய்விட்டது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு ஓடி வந்து, செருப்பு ஸ்டாண்டின் மேல் உட்கார்ந்து மறுபடி சேர்ந்தாள். அதற்குள் அவர்கள் அடுத்த ஆளிடம் போய்விட்டார்கள்.

அவள் திட்டியிருந்தால் தேவலை. லேப்டாப்பை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இத்தன வருஷம் கழிச்சு ஒருத்தங்க எனக்கு என்ன தெரியும்னு கேட்டாங்க. இப்பத்தான் சொல்ல ஆரம்பிச்சேன்" என்றாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அவளுடைய பரீட்சையில் நான் போய் உட்கார்ந்து, என் தமிழையும் சாமர்த்தியத்தையும் எழுதிக் காட்டிவிட்டு வந்திருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். அதிலும் ஒரு விளக்கத்தைச் சேர்த்துக் கெடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் காலேஜிலிருந்து வந்த நித்யா, காப்பி ஆறுவதற்குள் சரி செய்தாள். "அப்பா, என்கிட்ட பூச் லேதே நா" என்றாள். கேட்டிருக்கலாம்தான்.

சில மாதம் கழித்து வேறோர் இடத்திலிருந்து அழைப்பு வந்தது. அன்று காலை சுதா என் கையில் ஒரு பையைக் கொடுத்தாள். "ஐ.என்.ஏ. மார்க்கெட் போயி அப்பளம் வாங்கிட்டு வாங்க. ஜல்தி வரணும்னு இல்ல."

வேலை கிடைத்தது. கோடி அறைதான் இப்போது அவளுடைய ஆபீஸ். வீட்டுக்கு யார் வந்து வைஃபை கேட்டாலும், "எனக்கும் மொத வேலைக்கும் நடுவுல ஒரு 'க்' வந்து நின்னுட்டு" என்று ஆரம்பித்துவிடுவாள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். எனக்கு மட்டும் அந்தச் செருப்பு ஸ்டாண்டு கண்ணில் வந்து போகும்.

முக்கியமான மீட்டிங் என்றால் இன்றும் நான் மெட்ரோ ஏறிவிட வேண்டும். சமையலறை அலமாரி முழுக்க அப்பளம். தீபாவளிக்கு அக்கம்பக்கத்தில் எல்லோரும் இனிப்புக் கொடுக்க, நாங்கள் அப்பளம் கொடுத்தோம். போன வாரம் என்னைக் கண்டதும் கடைக்காரரே அப்பளக் கட்டை எடுத்து வைத்துவிட்டு, "ஆஜ் மேடம் கீ மீட்டிங் ஹை?" என்றார். தலையாட்டினேன். பெரிய மீட்டிங்கா சின்னதா என்று கேட்டார். பெரியது என்றேன். உள்ளேயிருந்து ஸ்டூலை இழுத்துப் போட்டார்.