படிச்சே ஆகோணுமுங்க!

மனிதர்களில் படிக்கிறவர்கள், படிக்காதவர்கள் என்று இரண்டே வகைதான் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருந்தால், உங்களை இன்னும் யாரும் பிடிக்கவில்லை என்று அர்த்தம். மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. படிக்கச் சொல்கிறவர்கள்.

அடையாளம் காண்பது சுலபம். பல் டாக்டர் வீட்டு பெஞ்சில், வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். பக்கத்தில் ஒருவர் வந்து உட்காருவார். "இப்ப என்ன புஸ்தகம் படிச்சிட்டிருக்கீங்க?" என்பார். நீங்கள் வாயைத் திறக்க முடியாதது அவருக்கு ரொம்ப வசதி, ஏனென்றால் அந்தக் கேள்விக்குப் பதில் தேவையில்லை. அது ஊசி போடுவதற்கு முன்னால் பஞ்சால் துடைப்பது மாதிரி. ஊசி அடுத்து வரும். "அப்படீன்னா நீங்க அதப் படிச்சே ஆகோணுமுங்க!"

எனக்கு இந்த இனத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்ததற்குக் காரணம், அதில் முதல் தரமான ஒருவரிடம் நான் பதினோரு வருடமாகச் சம்பளம் வாங்குகிறேன். மகுடேஸ்வரன் அண்ணனுக்குக் காங்கேயம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனி. நூற்று இருபது பேர் வேலை. நான் சாம்பிள் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். நல்ல முதலாளி, தங்கமான மனுஷர். ஒரே ஒரு வியாதிதான்.

குழந்தைக்குப் பேர் வைக்கிற விசேஷத்துக்கு எல்லோரும் வெள்ளிக் கொலுசோடு போவார்கள். அண்ணன் ஒரு நாட்டுத் தலைவரின் சிறை வாழ்க்கை வரலாற்றோடு போவார். கல்யாணப் பெண்ணுக்குப் பஞ்ச காலத்தைப் பற்றிய ஆராய்ச்சி நூல். எண்பத்து மூன்று வயதில் கண்புரை ஆபரேஷன் முடித்துப் படுத்திருந்த அவருடைய பெரியப்பாவுக்கு, 'இளைஞனே, எழுந்து ஓடு' என்கிற ரகத்தில் ஒன்று. மூன்றாம் வகுப்புப் படிக்கிற என் மகன் யுவனுக்குப் பிறந்த நாள் வந்தபோது, நிர்வாகத் திறமையை வளர்த்துக்கொள்வது எப்படி என்று நானூறு பக்கம். பையன் அதை நல்லபடியாகப் பயன்படுத்தினான். கேரம் போர்டின் ஆடுகிற காலுக்கு முட்டுக் கொடுத்தான்.

இத்தனை புத்தகங்களையும் அவர் எப்படித் தேர்ந்தெடுக்கிறார் என்று கேட்பீர்கள். புத்தகத் திருவிழாவுக்கு அவரோடு இரண்டு முறை போயிருக்கிறேன். புத்தகத்தை எடுப்பார். எடை பார்ப்பார். பின்னட்டையைப் படிப்பார். நடுவில் பிரித்து முகர்ந்து பார்ப்பார். கடைக்காரரிடம், "நல்லாப் போகுதுங்களா?" என்பார். மூன்று பிரதி வாங்குவார்: கொடுக்க ஒன்று, காரில் ஒன்று, வீட்டுக் கண்ணாடி அலமாரியில் ஒன்று. "எங்கூட்டுக்காரரு புஸ்தகம் வாங்கறதுக்குன்னே பொறந்தவருங்க, நான் தூசி தட்டறதுக்குன்னே பொறந்தவ" என்று அவர் மனைவி மயிலாள் அக்கா சிரிப்பார்கள்.

படிப்பாரா? இது கொஞ்சம் நாசூக்கான கேள்வி. சமையல்காரர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

பேச்சில் மட்டும் அவரை அசைக்க முடியாது. நான்கே வாக்கியங்களை வைத்துக்கொண்டு இருபது வருடம் ஓட்டியவர். 'அது புஸ்தகமே இல்லீங்க, வாழ்க்கை.' 'ஒரே மூச்சுல முடிச்சனுங்க.' 'மொழிநடை இருக்குதே, அடேங்கப்பா.' யாராவது மடக்கிக் கேட்டால், 'அத நான் சொல்லக் கூடாதுங்க, நீங்களே உணரோணும்.' இந்த நான்கும் எந்தப் புத்தகத்துக்கும் பொருந்தும். டெலிபோன் டைரக்டரிக்குக் கூட.

போன வருடம் அண்ணனுக்கு இன்னொரு யோசனை வந்தது. கம்பெனி கேன்டீனில் ஒரு புத்தக அலமாரி. வெறுமனே வைத்தால் போதுமா? ஒவ்வொரு தொழிலாளிக்கும் தன் கையாலேயே ஒரு புத்தகம் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். கட்டிங் மாஸ்டர் ராபினுக்குத் தியானம். அயர்னிங் சுடலைக்கு உலகப் பொருளாதாரம். செக்கிங் டேபிளில் பிசிறு வெட்டுகிற நதியாவுக்குச் சிறுதானியம். அதே டேபிளில் இருக்கிற கருத்தம்மாவுக்கு எழுநூற்று நாற்பது பக்கத்தில் ஒரு குடும்ப நாவல்.

கருத்தம்மா சுடலையின் மனைவி. சாத்தான்குளம் பக்கம். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர், திருப்பூருக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. அந்தப் புத்தகத்தை அவர் இரண்டு கையாலும் வாங்கிய விதத்தைப் பார்த்தபோது எனக்கே பாவமாக இருந்தது. "இத படிச்சே ஆகோணுமுங்க கருத்தம்மா. ஒரே மூச்சுல முடிச்சனுங்க நானு" என்றார் அண்ணன்.

நூற்று இருபது புத்தகங்களும் போக வேண்டிய இடத்துக்குப் போயின. சில தலைகாணி ஆயின. சில டிபன் பாக்ஸுக்குத் தட்டு ஆயின. அண்ணனுக்கு அதில் வருத்தமே கிடையாது. சொன்னதோடு அவர் கடமை முடிந்தது. இந்த இனத்தைப் பற்றி நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: கேட்காதவர்களால் இவர்களுக்கு ஒரு ஆபத்தும் இல்லை. ஆபத்து, சொன்னதைக் கேட்கிறவர்களால்.

நான்கு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணி டீ நேரத்தில், அண்ணன் செக்கிங் டேபிள் பக்கம் வந்தபோது கருத்தம்மா எழுந்து நின்றார்.

"சார், முடிச்சிட்டேன்."

"எதைங்க? அந்த நீலக் கலர் லாட்டா?"

"இல்ல சார். பொஸ்தகம்."

அண்ணன் முகத்தை நான் பார்த்தேன். இருபது வருடத்தில் அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. எதிர் வீட்டுக்காரரை "ஒரு நாள் சாப்பிட வாங்க" என்று வாய் வார்த்தைக்குக் கூப்பிட்டு, அவர் மறுநாளே குடும்பத்தோடு வந்து நின்றால் எப்படி இருக்கும்?

"ஆஹா, பாத்தீங்களா! மொழிநடை இருக்குதே..."

"சார், ஒண்ணு கேக்கணும்" என்றார் கருத்தம்மா. கையில் கத்தரி இருந்ததைக் கூட மறந்துவிட்டார். "நாலு நாளா எனக்கு இதே யோசனை. எங்க வீட்டுக்காரவுககிட்ட சொன்னா வெளங்க மாட்டேங்கு. வடிவு எதுக்கு சார் அந்தக் கெணத்து மோட்டார கழத்தி விக்கணும்? கோவத்துலயா? இல்ல, வீட்ட விட்டுப் போவணும்னு மொதல்லயே முடிவு பண்ணியாச்சா?"

"அது புஸ்தகமே இல்லீங்க, வாழ்க்கை."

"செரி சார். ஆனா எதுக்கு விக்கணும்?"

"அத நான் சொல்லக் கூடாதுங்க. நீங்களே உணரோணும்."

"நான் உணர்ந்துட்டேன் சார். உணர்ந்தது சரிதானான்னு கேக்கேன்."

நான்கு வாக்கியங்களும் தீர்ந்துபோயின. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். டெலிவரி அவசரம் என்று நகர்ந்திருக்கலாம். ஆனால் இந்த இனத்துக்கு நிறுத்தத் தெரியாது.

"வடிவு வந்துங்க, அந்தக் காலத்து ஆளு. அவரு கோவக்காரருங்க."

கருத்தம்மா மெதுவாகச் சொன்னார்: "வடிவு பொம்பள சார். வீட்டுக்கு மூத்த மருமவ."

நதியா களுக்கென்று சிரித்துவிட்டு டீ கிளாஸால் வாயை மறைத்துக்கொண்டாள். கருத்தம்மா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அண்ணன் பிழைத்திருப்பார். சீர் வரிசையோடு கல்யாண வீட்டுக்கு வந்து, முகூர்த்தம் போன வாரமே முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டவரைப் போலக் கருத்தம்மா நின்றார். "செரி சார்" என்றார். புத்தகத்தை முந்தானையால் துடைத்து, கேன்டீன் அலமாரியில் வைத்துவிட்டு வந்து பிசிறு வெட்ட உட்கார்ந்தார்.

சுடலை அன்று என்னிடம் புலம்பினார். "நாலு மாசமா வடிவு வடிவுன்னு எங்க வீட்ல ஒரே பேச்சு. மொதலாளி படிச்சிருக்காவ, முடிச்சிட்டு அவுகட்ட பேசணும், பேசணும்னு கெடந்தா. இன்னைக்கு சோறு கூட எறங்கல அவளுக்கு."

நான் இதை அண்ணனிடம் அப்படியே சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. கொஞ்ச நேரம் சாம்பிள் பனியனின் கழுத்தை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "ஏப்பா, நீ அந்த நாவலப் படிச்சிருக்கறயா?"

"இல்லீங்கண்ணா."

"கதையாச்சும் தெரியுமா?"

"நீங்கதான் உணரோணும்னு சொல்லீட்டீங்களேங்கண்ணா."

அடுத்த இருபத்திரண்டு நாள் திருப்பூர் நிம்மதியாக இருந்தது. மகுடேஸ்வரன் அண்ணன் யாருக்கும் எதையும் சிபாரிசு செய்யவில்லை. சாயப்பட்டறையில் துணிக்குக் காத்திருக்கும் நேரத்தில் காருக்குள் படித்தார். மதியச் சாப்பாட்டில் ரசத்தை மோர் என்று நினைத்து ஊறுகாய் தொட்டுக்கொண்டே படித்தார். குன்னத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், மண்டபத்தின் கடைசி வரிசையில் புத்தகமும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். அவருடைய பழைய கூட்டாளி திருமூர்த்தி எனக்குப் பதறிப்போய் போன் செய்தார்: "ஏனுங்க, அண்ணனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லீங்களா? எம்பட பக்கத்துலதான் உக்கோந்திருந்தாரு. என்ன படிக்கறீங்கன்னு கேக்கவே இல்லீங்க!"

இருபத்து மூன்றாம் நாள் டீ நேரத்தில் அண்ணன் செக்கிங் டேபிளுக்கு வந்தார். கண்ணுக்குக் கீழே கறுப்பு. கையில் புத்தகம்.

"கருத்தம்மா, அன்னிக்கு நான் படிக்கலீங்க. பின்னட்டை மட்டுந்தான்."

"தெரியும் சார்."

"எப்படீங்க தெரிஞ்சுது? நான் பொம்பளைய ஆம்பளைன்னு சொன்னதுக்கு முன்னாலயேவா?"

"படிச்சவங்கன்னா, மோட்டார வித்ததச் சொன்னதுமே 'ஆமா, பாவி மவ'ன்னு சொல்லியிருப்பாங்கள்லா?"

அண்ணன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அவ கோவத்துல விக்கலீங்க. பயத்துல வித்தா. சின்ன மாமனார் திரும்பி வந்துட்டா தோட்டம் அவரு கைக்குப் போயிருமுங்க. மோட்டார் இல்லாத கெணறு எவனுக்கு வேணும்?"

கருத்தம்மாவின் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மலர்ந்த முகத்தோடு முதலாளியை ஒரே போடாகப் போட்டார். "இல்லவே இல்ல சார். பயந்தவ எதுக்கு அத வித்த கையோட நாத்தனாருக்குத் தையல் மெசின் வாங்கிக் குடுக்கா?"

"தையல் மெசினா? அது எங்கீங்க வருது?"

"ஐநூத்திப் பத்தாம் பக்கம். கலியாணப் பேச்சு நின்னு போவுதுல்லா, அதுக்கு அடுத்தாப்ல."

அண்ணன் அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினார். டீ ஆறியது. மணி அடித்தது. யாரும் எழவில்லை. சிறுதானியத்தை நான்கு மாதம் தொடாத நதியா, "யக்கா, அப்புறம் அந்த நாத்தனா என்ன ஆனா?" என்று கேட்டாள். "படிச்சுக்கோ பிள்ளே" என்றார் கருத்தம்மா. உணரோணும் என்று சொல்லவில்லை.

அந்த வாரமே அலமாரிச் சாவி கருத்தம்மாவிடம் போனது. அவர் யாரிடமும் என்ன படிக்கிறாய் என்று கேட்பதில்லை. சும்மா இருக்கும்போது எதைப் பற்றிப் பேசுவீர்கள் என்று கேட்பார், பதில் வருகிறவரை பேசாமல் இருப்பார். நதியா பேய்க் கதை பேசுவாள் என்று தெரிந்ததும், நாவலுக்கு முன்னால் மெல்லிசாக ஒரு பேய்க் கதைப் புத்தகம் வாங்கித் தரச் சொன்னார். ராபினுக்கு ஒரு துப்பறியும் கதை. மறுநாள் அவர் கொலைகாரன் யாரென்று எல்லோரிடமும் சொல்லிவிட்டதால் ஒரு வாரம் தண்டனை, புத்தகம் கிடையாது. சொந்தப் புருஷனுக்கு நாட்டு மாடுகளைப் பற்றிய படப் புத்தகம். சுடலை முதலில் படம் மட்டும் பார்த்தார், பிறகு படத்துக்குக் கீழே இருந்ததைப் படித்தார், இப்போது, "இதுல காளைக்கு வயசு தப்பாப் போட்டிருக்கான்" என்று சண்டைக்கு வருகிறார்.

என்னிடமும் கேட்டார். "ஒங்க பய சும்மா கெடந்தா என்ன கேப்பான்?"

"எறும்பு தூங்குமான்னு கேப்பானுங்க."

எறும்புகளைப் பற்றி முப்பத்திரண்டு பக்கம், வண்ணப் படங்களோடு. யுவன் சாப்பாட்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்து அதை மூன்று முறை படித்தான். சர்க்கரை டப்பாவை மூடக் கூடாது என்று இப்போது வீட்டில் சட்டம்.

அண்ணன் திருந்தினாரா? பாதி. "உங்களுக்கு என்ன புடிக்குமுங்க?" என்று இப்போது கேட்கிறார், நிஜம். பதிலுக்காக மூன்று எண்ணுகிற நேரம் காத்திருக்கவும் செய்கிறார். நான்காவதில் தாங்க முடியாமல், "மோட்டார வித்த கதை ஒண்ணு இருக்குதுங்க" என்று ஆரம்பித்துவிடுகிறார். இந்த முறை படித்துவிட்டாரே, விடுவாரா? முதல் பக்கத்திலிருந்து முடிவு வரை, தையல் மெசின் உட்பட, ஒன்று விடாமல் சொல்லிவிடுகிறார். கேட்டவர் யாரும் இனி அதைப் படிக்க வேண்டியதே இல்லை. போன வாரம் பொங்கலூரில் ஒரு விசேஷ வீட்டில், வடிவு வீட்டை விட்டுக் கிளம்பும் இடத்தில் அண்ணன் கண் கலங்கி நின்றுவிட, பந்தி கால் மணி நேரம் தாமதமானது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று சொல்லுங்கள்: இதைப் படித்துக்கொண்டு வரும்போதே ஒரு முகம் உங்கள் மனசில் வந்துபோனதா இல்லையா? 'இதை அவனுக்கு அனுப்பியே ஆகணும், அப்படியே அவன்தான்' என்று விரல் பரபரக்கிறதா? அதுவும், நடுவில் இரண்டு பத்தியைத் தாண்டிக் குதித்து வந்த பிறகு?

அனுப்புங்கள், பரவாயில்லை. அவர் அதை நிஜமாகவே ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டு, நாளைக் காலையில் உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று ஒரு சந்தேகம் கேட்டால், என்ன செய்வதாக உத்தேசம்?