யானை அணிக்கு ஓர் உடைமாற்றும் அறை

ஒரு காட்டில் பந்து ஒன்று, கோப்பை ஒன்று, விதிகள் மட்டும் நூற்றுப் பன்னிரண்டு இருந்தன.

கோப்பையில் ஐந்து அணிகள் ஆடலாம். அதில் நான்கு இடம் யானை, புலி, கரடி, காட்டெருமை அணிகளுக்கு. அவர்கள் தோற்றாலும் அந்த இடம் அவர்களுக்குத்தான். ஏன் என்று கேட்டால், "போன வருசமும் நாங்கதானே ஆடினோம்" என்பார்கள். அதற்கு முந்தின வருடம்? அப்போதும் அவர்கள்தான். பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

ஐந்தாவது இடம் சின்ன மிருகங்களுக்கு. முயல், அணில், உடும்பு, கீரி எல்லாம் தங்களுக்குள் மோதி, அதில் ஜெயித்த அணி தன் சொந்த மைதானத்தில் பெரிய அணி ஒன்றைத் தோற்கடித்தால் உள்ளே வரலாம். பத்து வருடமாக ஒருவரும் வரவில்லை. தோற்றதால் அல்ல, அந்த ஆட்டமே நடந்ததில்லை. மைதானத்துக்கு அனுமதி கிடைத்தால்தானே ஆடுவதற்கு?

இந்த வருடம் கீரி அணி ஜெயித்து வந்தது. அதன் கோல்கீப்பரும் கேப்டனும் செவத்தாள் என்கிற கீரி. எட்டு வருடமாக வலை காத்தவள். அந்த நேரம் பார்த்து, கோப்பைக் குழுவின் செயலாளரான கொக்கு ஒற்றைக் காலில் நின்றபடி ஓர் அறிவிப்பை வாசித்தது.

"இந்த வருசமும் யாரும் தகுதி பெறலைன்னா, ஐந்தாம் இடம் ரத்து. இனிமே எப்பவுமே நாலு அணிதான்."

ஆக, செவத்தாளுக்கு இருந்தது ஒரே ஒரு ஆட்டம். அவளுக்கு மட்டுமா, வளையில் வாழ்கிற அத்தனை பேருக்கும் அந்த ஒன்றுதான். எதிரணி, யானை.

அவள் வீட்டிலேயே ஒரு யானை ரசிகர் இருந்தார். வேறு யாருமில்லை, அவள் புருசன் வேலாண்டி. ஆட்ட நாளில் உடம்பெல்லாம் சாம்பல் பூசி, இரண்டு தேக்கிலையைக் காதாகக் கட்டிக்கொண்டு கிளம்புகிற கீரி. யானை அணி தோற்றால் அன்றைக்குச் சோறு இறங்காது. அந்த அணியின் கேப்டன் தம்பிரான் எந்தக் காலில் எத்தனை கோல் போட்டது என்று உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்.

"யானை இல்லாட்டி கோப்பைய பார்க்க யாரு வருவா புள்ள?" என்றான் வேலாண்டி.

"நான் வருவேன்."

"நீ ஆடுறவ. கூட்டம் யாரு சேர்ப்பா?"

"கூட்டத்துல நீ ஒரு யானையப் பார்த்திருக்கியா? எலி, முயலு, பெருச்சாளி, அப்புறம் நீ. இலைய கழட்டிட்டா எல்லாம் நம்ம ஆளுங்க."

வேலாண்டி இலையைக் கழற்றவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், பெண்டாட்டி மேல் பிரியம் உள்ளவன். மைதான அனுமதிக்கான படிவம் வாங்க மூன்று நாள் வரிசையில் நின்றது அவன்தான். முதல் நாள், மதியச் சாப்பாடு என்று ஜன்னலைச் சாத்தினார்கள். இரண்டாம் நாள், வால் நீளத்துக்குச் சான்றிதழ் கேட்டார்கள். மூன்றாம் நாள் படிவம் கிடைத்தது.

நாற்பத்தொன்றாம் விதியில் வந்து மாட்டிக்கொண்டார்கள். வருகிற அணிக்கு உடைமாற்றும் அறை வேண்டும். பதினோரு பேரும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். வெயில் படக்கூடாது. யானைக்கு மாற்ற என்ன உடை இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். விதியில் இருக்கிறது.

கீரிகள் கூடிப் பேசின. அறை என்றால் அவற்றுக்குத் தெரிந்தது ஒன்றுதான். பரம்பரை பரம்பரையாக, அறை என்றால் தோண்டுவது. மேலே கட்டுவது என்கிற எண்ணமே அந்தக் குலத்துக்கு வந்தது கிடையாது. முன்னூறு கீரிகள் இருபத்தேழு நாள் மண்ணைப் பறித்தன. பெருச்சாளிகளும் வந்து கைகொடுத்தன. வேலாண்டியும் தோண்டினான். மற்றவர்களை விட ஒரு படி அதிகமாகவே தோண்டினான், நம்ம தம்பிரான் உட்காரப்போகிற இடமாயிற்றே!

இரண்டு யானை ஆழத்தில் அருமையான அறை. கீழே மெத்தென்று அருகம்புல், மேலே மூங்கில் பந்தல், உள்ளே குளுகுளு. சுவர் செங்குத்து. கீரிக்குச் செங்குத்துச் சுவர் ஒரு பொருட்டே இல்லை, ஆகவே படி என்ற ஒன்று யார் நினைவுக்கும் வரவில்லை. சூது எதுவும் கிடையாது, சத்தியமாகச் சொல்கிறேன்.

சோதிக்க வந்த கொக்கு இறக்கையை விரித்து உள்ளே இறங்கியது. சுற்றிப் பார்த்தது. புல்லைக் காலால் அமுக்கிப் பார்த்தது. பறந்து மேலே வந்தது. படிவத்தில் 'உள்ளே போக, வெளியே வர: வசதி உண்டு' என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டது.

ஆட்ட நாள் வந்தது. மைதானத்தைச் சுற்றிச் சாம்பல் பூசிய நானூறு ரசிகர்கள். எண்ணூறு தேக்கிலை. யானை அணி தும்பிக்கையை ஆட்டிக்கொண்டு வந்து, பந்தலை ஒதுக்கி, ஒவ்வொருவராகச் சுவரோரமாய்ச் சர்ரென்று சறுக்கி, கீழே புல் மெத்தையில் தொப்பென்று உட்கார்ந்தது.

"ஆகா, என்ன குளிர்ச்சி! நம்ம மைதானத்துல கூட இப்படி இல்லியே" என்றது தம்பிரான்.

நடுவர் மரங்கொத்தி. விசில் ஊதிவிட்டு, நிமிடத்துக்கு ஒரு கொத்து வீதம் மரத்தில் நேரம் எண்ணத் தொடங்கியது. பதினைந்து கொத்துக்குள் ஓர் அணி மைதானத்தில் இறங்காவிட்டால் எதிரணிக்கு வெற்றி. இந்த விதியைக் கொண்டுவந்ததே யானைகள்தான். சின்னக் கால்களால் தூரத்திலிருந்து நடந்து வருகிறவர்கள் எப்போதும் தாமதமாக வந்துகொண்டிருந்த காலம் அது.

டக். டக். டக்.

நான்காவது கொத்தில்தான் குழிக்குள்ளிருந்து பிளிறல் கேட்டது. "யாருப்பா அங்க? படி எங்க?"

கீரி அணி ஒருவரை ஒருவர் பார்த்தது. படியா?

முன்வரிசை ஆட்டக்காரன் ஓடி வந்தான். "அக்கா, அவங்களால ஏற முடியலையாம். ஆடாமலே ஜெயிக்கப் போறோம். இது சரியாக்கா?"

"அவங்க பத்து வருசமா தோத்துக்கிட்டே உள்ள இருக்காங்க. நாம ஒரு தடவ ஆடாம உள்ள போனா என்னடா?" என்றாள் செவத்தாள். சொல்லிவிட்டுக் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

டக். ஆறு.

ரசிகர் கூட்டத்தில் அலறல் எழுந்தது. "அநியாயம்! சதி! எங்க அணி ஆடணும்!" எலிகள் மார்பில் அடித்துக்கொண்டன. முயல் ஒன்று மயங்கி விழுந்தது. புழுதியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த வேலாண்டி சட்டென்று எழுந்தான்.

"அழுது என்னடா ஆகப்போகுது? குழி வெட்டினது யாரு? நாமதானே! சரிவு வெட்டத் தெரியாதா நமக்கு?"

அவ்வளவுதான். நானூறு பேரும் குழியின் விளிம்பில் பாய்ந்தார்கள். எலி பல்லால் கல்லைப் பெயர்த்தது. முயல் பின்னங்காலால் மண்ணை வாரி எறிந்தது. பெருச்சாளிகளைக் கேட்க வேண்டுமா? இருபத்தேழு நாள் வேலைக்கு வராதவர்கள்கூட அன்றைக்கு வந்தார்கள்.

டக். ஒன்பது.

"யோவ்!" என்று கோல் கம்பத்திலிருந்து செவத்தாள் கத்தினாள். "என்னய்யா பண்ற?"

"நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல புள்ள! ஆடி ஜெயிக்கட்டும்!"

"யாரு?"

வேலாண்டி தலையைத் தூக்காமல் மண்ணைப் பறித்தான். "ரெண்டு பேருந்தான்" என்றான்.

டக். பதினொன்று. டக். பன்னிரண்டு. சரிவு இறங்கிக்கொண்டே போனது. கீரி அணிக்கு ஓடிப்போய்த் தடுக்கவும் வழியில்லை, மைதானத்தை விட்டு வெளியேறினால் அவர்கள் ஆட்டம் அவுட். பதினொரு பேரும் நின்ற இடத்தில் நின்று, தங்கள் சொந்தக்காரர்கள் வேலை செய்கிற அழகைப் பார்த்தார்கள். எட்டு வருடத்தில் அவ்வளவு ஒற்றுமையைச் செவத்தாள் கண்டதில்லை.

பதினான்காவது கொத்துக்கும் பதினைந்தாவது கொத்துக்கும் நடுவே தம்பிரான் சரிவில் ஏறி வந்தது. பின்னால் பத்துப் பேர். ஏறுகிற அவசரத்தில் நாலைந்து வால்கள் மிதிபட்டன. வால் நசுங்கியவர்களும் கைதட்டினார்கள்.

ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்பது கோல். ஒன்பது முறையும் செவத்தாள் பந்தைக் கட்டிப்பிடித்தாள், ஒன்பது முறையும் பந்தோடு சேர்ந்து வலைக்குள் போனாள். பத்தாவதைத் தடுத்தாள். அதை யாரும் கவனிக்கவில்லை, ரசிகர்கள் அப்போது பாடிக்கொண்டிருந்தார்கள்.

கொக்கு மறுபடி ஒற்றைக் காலில் நின்றது. "ஐந்தாம் இடம் ரத்து. உடைமாற்றும் அறையில் படி இல்லாததால் இந்த மைதானத்தின் அனுமதியும் ரத்து. விளையாட்டின் மாண்பைக் காத்த ரசிகர்களுக்குக் குழு நன்றி சொல்கிறது."

ரசிகர்கள் விசிலடித்தார்கள்.

தம்பிரானோடு செல்ஃபி எடுக்க வரிசை நின்றது. வேலாண்டியின் முறை வந்தபோது தம்பிரான் கீழே குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தது.

"நல்லா வெட்டினீங்கப்பா. எந்த ஊரு?"

"இங்கதானுங்க. இந்த மைதானத்துக்குப் பின்னாடி வளை."

"அப்படியா? இங்க ஆளுங்க இருக்காங்களா!" என்று சொல்லிவிட்டுத் தம்பிரான் அடுத்த எலியைப் பார்த்துச் சிரித்தது.

வேலாண்டி வீட்டுக்கு வந்தபோது செவத்தாள் கையுறையைத் துவைத்துக்கொண்டிருந்தாள். அவன் காதிலிருந்து இலையை எடுத்து மெதுவாக மாடத்தில் வைத்தான். நகம் இரண்டு பெயர்ந்திருந்தது.

"என்ன இருந்தாலும், ஆட்டம்னு நியாயமா நடந்துச்சுல்ல?" என்றான்.

"ஆமா" என்றாள் செவத்தாள். "ரொம்ப நியாயம். நாம இருபத்தேழு நாள் வெட்டினத, எட்டே நிமிசத்துல சரி பண்ணிட்டீங்க."

அவள் கையுறையைப் பிழிந்தாள். உலர்த்துவதா, தூர எறிவதா என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

நீதி: பெரியவர்கள் குழிக்குள் விழுந்துவிட்டால் யாரும் பதற வேண்டாம். அவர்கள் ஏறி வரச் சரிவு வெட்டிக் கொடுக்க, சின்னவர்கள் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்திருப்பார்கள்.