சங்கிலி அறுந்த செய்தி

போன வாரம் ஒருநாள் மாலை நாலு பத்துக்கு சல்லடை சாரிடமிருந்து போன் வந்தது. ஒரே வாக்கியத்தில் ஒரு குடும்பத்தைக் கவிழ்க்க காரைக்காலில் ஒருவரால் முடியும் என்றால், அது அவரால்தான்.

என் மகள் கவிதா ஆராய்ச்சி செய்யும் கல்லூரியில் அவர் வேதியியல் பேராசிரியர். துளைகளைத் தவிர வேறெதையும் மதிக்காதவர்; சல்லடை என்ற பட்டப்பெயர் அதனால் வந்தது. கண்ணுக்குத் தெரியாத துளைகள் வரிசையாக அமைந்த படிகங்களைச் செய்து, அந்தத் துளைகளுக்குள் புதுவகை பிளாஸ்டிக்கை வளர்ப்பது அவர் வேலை. ஈரம் பட்டால் படிகம் கெட்டுவிடுமாம். அதனால் கொளுத்தும் வெயிலில், தலையைக் காயவிட்டு, கையிலுள்ள குப்பிக்குக் குடை பிடித்தபடி நடப்பார். கடல்காற்றைக் குடை எப்படி சார் தடுக்கும் என்று கேட்டேன். "தடுக்காதுதான். ஒரு மரியாதைக்கு" என்றார்.

தலத்தெருவில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது, இடியாப்பத்தை விட்டுவிட்டு அச்சைக் கேட்டு வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மாவு இதுல நேராத்தாங்க வருது. தட்டுல விழுந்துதான் சிக்கிக்குது. அச்சுக்குள்ளயே வேகவச்சுட்டு, அப்புறம் அச்சை மட்டும் கரைச்சுட்டா இழை இழையா நிக்கும். எங்க வேலையும் அதாங்க." என் மனைவி அச்சைத் திருப்பி வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

அவர்தான் அன்றைக்குப் போனில் சொன்னார்: "கவிதாவோட சங்கிலி அறுந்துபோச்சு சார். பொண்ணு அழுதுகிட்டே இருக்கு."

லைன் கட்டாகிவிட்டது. கவிதாவின் போன் அணைந்திருந்தது. போன தீபாவளிக்கு வாங்கிய மூன்று பவுன் சங்கிலி அது. யாரோ பைக்கில் வந்து அறுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். ஸ்கூட்டரோடு இழுபட்டு விழுந்திருப்பாளோ? மனைவியிடம் சொன்னேன். அவள் போனை என் கையில் திணித்தாள். "சங்கிலி போனாப் போவுது. கழுத்து எப்படி இருக்குன்னு கேளுங்க."

திரும்ப அழைத்தேன். எந்த இடத்தில் சார் என்றேன்.

"எந்த இடம்னு சொல்ல? கண்ட இடத்துல. ஆசிட் கொஞ்சம் கூடிப்போச்சு சார்."

அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. பைக் சாவி கையில் இருந்தது. அதைத் துளையில் நுழைக்கத்தான் முடியவில்லை. மனைவி செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடி ஆட்டோவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஆட்டோ கிடைத்து நாங்கள் கிளம்புவதற்குள் கவிதாவின் ஸ்கூட்டர் வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் சல்லடை சார். பின்னால் கவிதா, வீங்கிய கண்ணோடு. கழுத்தில் சங்கிலி அப்படியே இருந்தது. முகத்தில் ஒரு கீறல் இல்லை. மனைவி அவள் கன்னம், காது, கழுத்து என்று தடவித் தடவிப் பார்த்தாள்.

படிகத்துக்குள் வளரும் பிளாஸ்டிக்கின் நீண்ட இழைக்கு அவர்கள் மொழியில் சங்கிலி என்று பெயராம். படிகத்தைக் கரைக்க ஊற்றிய ஆசிட் அதிகமாகி, ஆறு மாத இழையெல்லாம் அறுந்துவிட்டதாம். நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

போனில் என் குரல் மாறியதைக் கேட்டு, நான் மகள்மேல் கோபமாயிருக்கிறேன் என்று அவர் முடிவுகட்டியிருந்தார். ஸ்கூட்டரை ஸ்டாண்டுகூடப் போடாமல், இரண்டு கையாலும் பிடித்தபடி சொன்னார்:

"ஆசிட் அளவு நான்தான் சார் சொன்னேன். பொண்ணைத் திட்டாதீங்க. என்னைத் திட்டுங்க."